சித்திரையில் ஊரில் ஒரு நாள்: முந்தின சாயங்காலமே தொடங்க வேண்டிய வேலைகள்

ஊருக்குப் போய் இறங்கின மறுநாள் காலையிலேயே நல்ல பழைய சோறு வேண்டுமென்றால், இறங்கின அன்று சாயங்காலமே உலை வைத்துவிட வேண்டும். பம்புசெட்டுக் குளியலுக்கு முந்தின நாளே தோட்டத்துக்காரரிடம் நேரம் கேட்டு வைக்க வேண்டும். நல்ல தூக்கம் வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் தெரிந்திருக்க வேண்டும். கிராமத்து நாளில் காசு கொடுத்து வாங்குகிற சுகம் குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. நேரம் தப்பினால் கிடைக்காது. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களை மனதில் வைத்து, சித்திரை வெயிலுக்கு ஏற்றபடி இங்கே சொல்கிறோம்.

ராத்திரி: சோற்றுப் பானை

பழைய சோற்றுக்குப் புழுங்கலரிசிதான் சரி. பச்சரிசி விடியலுக்குள் கூழாகிவிடும். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி தடித்த சிவப்பரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. ஊறினாலும் பருக்கை பருக்கையாக நிற்கும். குக்கர் சோறு வேண்டாம். கஞ்சி வடியாமல் சோற்றிலேயே சுண்டிவிடுவதால் மறுநாள் கொழகொழவென்று இருக்கும், புளிப்பும் ஒரே சீராக ஏறாது.

நாலு பேருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் சேர்த்து ஒரு கிலோ அரிசி. முதல் கழுநீர் மாட்டுக்கு. உலைத் தண்ணீர் 5 லிட்டராவது இருக்கட்டும். தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் கஞ்சி நன்றாகப் பிரியும். பருக்கையை நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசிய வேண்டும், அதே சமயம் உருவம் குலையக் கூடாது. அந்தப் பதத்தில் தட்டைப் போட்டுப் பானையைச் சாய்த்து, 10 நிமிடம் அப்படியே வடியவிடுங்கள். வடிகஞ்சியைக் கொட்டிவிடாமல் ஒரு சட்டியில் எடுத்து வையுங்கள். நாளைக் குளியலுக்கு வேண்டும்.

இனிமேல்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். சுடுசோற்றில் அப்படியே தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார்கள். பானைக்குள் சூடு வெகுநேரம் தங்கி, புளிக்க வைக்கிற நல்ல நுண்ணுயிர் முந்துவதற்குள் கெடுக்கிற கிருமி பெருகிவிடும். காலையில் புளிப்பு வாசம் வராது, வீச்சம்தான் வரும். ஆகவே மிச்சச் சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. அப்புறம் மண்சட்டிக்கு மாற்றி, சோற்றுக்கு மேல் நாலு விரற்கடை நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றுங்கள். சோறு உறிஞ்சினது போக விடியலில் இரண்டு விரற்கடை மிஞ்சும். அதுதான் நீராகாரம்.

உப்பு ராத்திரி போடக் கூடாது, புளிப்பு மந்தப்படும். குழம்பில் போட்ட கரண்டி சோற்றுப் பானைக்குள் போகக் கூடாது. ஊற்றுகிற தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால், மதியமே பிடித்து வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வையுங்கள். வாடை போனபின் ஊற்றலாம். தட்டை வைத்து இறுக்கி மூடாமல், மெல்லிய துணியைக் கட்டி வைத்தால் போதும்.

சித்திரை வெக்கையில் ராத்திரி 9 மணிக்கு ஊற்றினால் காலை 7 மணிக்குப் பக்குவம். மார்கழியில் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கூட வேண்டும். பானை ஓரத்தில் கடுகளவு குமிழிகள் ஒட்டியிருக்கும், மோர் மாதிரி லேசான புளிப்பு வாசம் வரும், பருக்கையைத் தொட்டாலே மசியும். கையை விட்டு எடுக்கும்போது நூல் நூலாக இழுத்தாலோ, மேலே இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தாலோ, மூக்கைச் சுளிக்க வைத்தாலோ கொட்டிவிடுங்கள். சுட வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கெட்ட சோற்றில் ஊறின நஞ்சு கொதித்தாலும் போகாது.

புதுச் சட்டி வாங்கியிருந்தால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வைத்து, அடுத்த மூன்று நாள் கழுநீரும் கஞ்சியும் ஊற்றி ஊற்றிக் கொட்டிப் பழக்குங்கள். மண் வாடை போகும். சோப்புத் தூள் போட்டு ஒருநாளும் கழுவக் கூடாது. சட்டியின் நுண்துளைக்குள் சோப்பு இறங்கி, நாளைச் சோற்றில் நுரைக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் போதும். கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

குடிதண்ணீர்ப் பானையையும் இந்த நேரத்திலேயே நிரப்பிவிடலாம். பானைச் சுவரில் கசிகிற தண்ணீர் காற்றில் உலர்வதால்தான் உள்ளே குளிர்கிறது. அதனால் காற்றோடுகிற திண்ணை ஓரத்தில், இரண்டு அங்குல ஈரமணலின் மேல் பானையை உட்கார வையுங்கள். அலமாரிக்குள் வைத்த பானை குளிராது. வெளியே பெயின்ட் அடித்த பானையும் குளிராது, துளையெல்லாம் அடைந்துபோயிருக்கும். கழுவி உலர்த்தின வெட்டிவேர் ஒரு பிடி உள்ளே போடலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயப் போடாவிட்டால் வேர் அழுகி நாறும்.

விடியல்

வாசலில் வேப்பமரம் இருந்தால் முந்தின ராத்திரியே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள். பங்குனி சித்திரையில் பூ தானாக உதிரும். வெயில் ஏறுவதற்குள் வேட்டியைச் சுருட்டி எடுத்து, சுளகில் புடைத்து, காம்பும் இலையும் நீக்கி, இரண்டு நாள் நிழலிலும் ஒரு நாள் வெயிலிலும் காய வைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். ரசம் கொதிக்கும்போது பூவைப் போடாதீர்கள். கசப்பு மொத்தமும் இறங்கிவிடும். நெய்யில் சிவக்க வறுத்து, ரசத்தை இறக்கியபின் மேலே போடுங்கள்.

பல் குச்சிக்கு அதே மரத்தில் சுண்டுவிரல் பருமனில் இளங்கொப்பு, ஒரு சாண் நீளம். கையால் முறித்து இழுத்தால் பட்டை உரிந்து கிளை புண்ணாகும், அரிவாளால் சீவி எடுங்கள். நுனியை மென்று பிரஷ் மாதிரி விரிந்தபின் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்து, குச்சியை இரண்டாகக் கிழித்தால் நாக்கு வழிக்க ஆகும்.

பதநீர் குடிக்க ஆசை இருந்தால், பனையேறுகிறவர் முதல் மரம் இறங்குகிற நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளிக்காமல் பதநீராக இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் கள்ளாகத் திரும்பிவிடும். கூடினால் நாக்கு எரியும், நிறம் கலங்கியிருக்கும். வாங்கினதும் கால் மணி நேரம் ஆடாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் தூக்குவாளி நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடினால் வழியிலேயே பொங்கி மூடி தெறிக்கும்.

சரி, பழைய சோறு. கரண்டி வேண்டாம். கையால் அள்ளி, லேசாகப் பிழிந்து தட்டில் வையுங்கள். கல் உப்பை நீராகாரத்தில் கரைத்து மேலே ஊற்றுங்கள். மோர் சேர்ப்பதென்றால் ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் போனால் அது மோர்சோறு, பழைய சோற்றின் சொந்தப் புளிப்பு தெரியாது. சின்ன வெங்காயத்தைத் தோலுரித்து முழுதாகக் கடிக்க வேண்டும். மோர் மிளகாயை மிதமான சூட்டில் கரும்பழுப்பு நிறம் வரும்வரை வறுங்கள்; கறுத்துவிட்டால் கசக்கும். சுட்ட கருவாடோ, முந்தின நாள் சுண்டவைத்த மீன்குழம்போ இருந்தால் வேறு தொடுகறி தேவையில்லை. கடைசியில் தட்டில் மிஞ்சுகிற நீராகாரத்தைத் தட்டோடு தூக்கிக் குடிப்பதுதான் முறை.

பம்புசெட்

தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரம் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். "நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணி பாய்ச்சுதீங்க அண்ணாச்சி?" என்று முந்தின நாள் சாயங்காலம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிப்பதற்கென்று மோட்டாரைப் போடச் சொல்லக் கூடாது. பயிருக்குப் பாய்கிற தண்ணீரில் போய் நிற்பதுதான் மரியாதை. திறந்த கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். வெயிலில் கிடக்கிற குழாயாக இருந்தால் முதல் இரண்டு நிமிடம் சுடுதண்ணீரே வரும், அதைப் போகவிட்டுப் பிறகு இறங்குங்கள்.

குழாய் வாய்க்கு நேர் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். 5 குதிரைத் திறன் மோட்டார் தள்ளுகிற தண்ணீர் கழுத்தைச் சுளுக்கும். தோளிலும் நடு முதுகிலும் விழும்படி குனிந்து நில்லுங்கள். அலுப்பு அங்கேதான் போகும். தொட்டித் தளத்தில் பாசி இருந்தால் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு இறங்குங்கள். ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. குழாயைத் தொட்டால் விறுவிறுவென்று ஏதாவது தெரிந்தால், உடனே வெளியே வந்து தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்க வேண்டாம். உள்ளே என்ன கிடக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

சீயக்காய்த் தூளுக்கு வீட்டுக் கணக்கு: சீயக்காய் ஒரு கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூவும் செம்பருத்தி இலையும் இரண்டிரண்டு கைப்பிடி. எல்லாவற்றையும் நொறுங்கக் காய வைத்து மில்லில் அரைக்கலாம். எடுத்து வைத்த வடிகஞ்சியில் தூளைக் குழைத்துத் தேயுங்கள். தண்ணீரில் கரைத்தால் தலையில் நிற்காது, வழிந்து கண்ணில் இறங்கும். கஞ்சியில் குழைத்தது அப்பி நிற்கும், முடியும் முரடாகாது. சோப்பும் ஷாம்பும் அங்கே வேண்டாம். கழுவின தண்ணீர் நேராக வாய்க்கால் வழியே கத்தரிப் பாத்திக்குத்தான் போகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆகவே எண்ணெய்க் குளியலும் கயிற்றுக் கட்டிலும் ஒரே நாளில் வேண்டாம்.

மதியம்: நுங்கும் கட்டிலும்

நுங்கு காலையிலேயே வெட்டி இறக்கினதாக இருக்க வேண்டும். குலையோடு வாங்கி, நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தால் மதியம்வரை குளிர்ச்சி குறையாது. ஆளுக்கு மூன்று காய் போதும், ஒன்பது கண் ஆகிவிடும். குலையில் ஒரு காயை மட்டும் முதலில் வெட்டிப் பாருங்கள். சுளை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி, விரல் பட்டால் நடுங்க வேண்டும். பால் வெள்ளையாக, அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்தால் முற்றியது. நிறையத் தின்றால் வயிறு வலிக்கும்.

காயின் மேல்பக்கத்தை ஒரே வெட்டாக வெட்டாமல், அரைவிரல் கனத்துக்குச் சீவிச் சீவி எடுக்க வேண்டும். மூன்று கண்ணும் மங்கலாகத் தெரிந்ததும் நிறுத்தி, கடைசிச் சீவலை மிக மெல்லிசாக எடுங்கள். அரிவாள் கொஞ்சம் ஆழம் போனால் சுளை கிழிந்து உள்ளேயிருக்கிற தண்ணீர் வழிந்துவிடும். நுங்கில் பாதி ருசி அந்த ஒரு மடக்குத் தண்ணீர்தான். பெருவிரலைக் கண்ணுக்குள் குத்தி, வாயோடு வைத்து உறிஞ்சிவிட்டு, விரலைச் சுற்றி வளைத்துச் சுளையை நோண்டி எடுங்கள். இளம் நுங்கைத் தோலோடு தின்னலாம், லேசாகத் துவர்க்கும். நுங்குத் தண்ணீரை வேர்க்குருவில் தடவினால் எரிச்சல் அடங்கும். வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள், பனங்காய்க் கறை போகாது.

பிள்ளைகள் இருந்தால் காலிக்காய் இரண்டைத் தனியே எடுத்து வையுங்கள், நுங்கு வண்டிக்கு. ஒரே அளவான காய்களாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகவே திரும்பும். ஒரு சாண் நீளக் குச்சியின் இரண்டு முனையையும் கூராக்கி, காய்களின் நட்டநடுவில் ஆளுக்கொரு பக்கம் குத்தி இறக்குங்கள். நடு தவறினால் சக்கரம் நொண்டும். பிறகு நாலடி நீளத்தில் ஒரு கவைக்கம்பு. கவையை இரண்டு காய்க்கும் நடுவே அச்சுக்குச்சியின் மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். கவை அகலமாக இருந்தால் காயில் உரசி நிற்கும். இரண்டு விரல் நுழைகிற அகலம் போதும். சாயங்காலம் வண்டி சலித்துப் போனதும் காய்களைத் துண்டு துண்டாக வெட்டி மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

கட்டிலுக்கு வருவோம். கயிற்றுக் கட்டிலின் சுகம் கீழேயிருந்து வருகிற காற்றில் இருக்கிறது. அதன்மேல் மெத்தையைப் போட்டால் சாதாரணக் கட்டிலாகிவிடும். பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து விரித்தால் தேங்காய்க் கயிறு உடம்பில் குத்தாது, காற்றும் வரும். நைலான் கயிறு வெயிலில் சுடும், வியர்வையையும் உறிஞ்சாது.

நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தால் அரைமணியில் இடுப்பு வலிக்கும். கால்மாட்டில் பின்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நீளவாக்கில் ஓடுகிற கயிறு தொய்வை இழுப்பதற்கென்றே விட்டது. அதில் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். சட்டத்தில் காலை ஊன்றி, ஒவ்வொரு சுற்றாக இழுத்து, வந்த தொய்வை அடுத்த சுற்றுக்குத் தள்ளி, கடைசி மூலையில் முடிச்சுப் போடுங்கள். கையால் தட்டினால் 'தம்' என்று சத்தம் வர வேண்டும். மூட்டைப்பூச்சி இருந்தால் மருந்தடிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் பொருத்துகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, உச்சிவெயிலில் நிறுத்தி, தடியால் தட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை செய்தால் முட்டையிலிருந்து வந்ததும் போய்விடும்.

வேப்பமர நிழல்தான் முதல். மாமரம் என்றால் இலையைப் பின்னிய முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். சித்திரையில் நம் பக்கம் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்பதால், 12 மணிக்கு நிழல் மரத்தடியிலேயே கிடக்கும். அங்கே கட்டிலைப் போட்டுத் தூங்கினவர் இரண்டு மணிக்கு முகத்தில் வெயிலோடு எழுந்திருப்பார். கிளை 15 அடி உயரத்தில் இருந்தால், இரண்டு மணிக்கு நிழல் 8 அடி கிழக்கே நகரும், மூன்று மணிக்கு 14 அடி. ஆகவே மரத்துக்குக் கிழக்கே, நிழலின் கிழக்கு ஓரத்தை ஒட்டிக் கட்டிலைப் போடுங்கள். வெயில் வந்து சேர்வதற்குள் ஒரு தூக்கம் முடிந்திருக்கும்.

எழுந்ததும் சுக்குமல்லிக் காபி. மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் ஐந்து. லேசாக வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். டம்ளருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி, மூன்று நிமிடக் கொதி. கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், அடியில் மண் இருக்கும். பாலோடு கருப்பட்டியைச் சேர்த்துக் கொதிக்க விட்டால் திரிந்துபோகலாம். இதற்குப் பால் தேவையுமில்லை.

மொட்டைமாடி

பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் நடுராத்திரிவரை கக்கும். படுக்கப் போகிற நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் வெக்கை ஆவியாகக் கிளம்பிப் புழுங்கும். சூரியன் சாய்ந்ததும் ஆறு மணிக்கு மேல் ஐந்தாறு வாளி ஊற்றி, அது முழுக்கக் காய்ந்தபின் ஏழரைக்கு இன்னொரு தரம் ஊற்றுங்கள். ஒன்பது மணிக்குப் பாதத்தை வைத்தால் வெதுவெதுப்புக்கூட இருக்காது. கோரைப்பாயை அப்போது விரித்தால் போதும். ஈரத்தில் விரித்தால் பாய் கறுத்துப் பூசணம் பிடிக்கும். கொசுவலைக்கு நாலு பக்கமும் கம்பு இல்லையென்றால் காற்று வருகிற திசையில் நொச்சி இலைப் புகை போடலாம். புகையை மூடின அறைக்குள் போடாதீர்கள்.

ராத்திரியில் மரத்தடியில் படுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பூச்சி விழும், காய்ந்த கிளை முறியும், பாம்பு நடமாட்டமும் உண்டு.

சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே வந்தால் 10 மணிக்கு வானம் நன்றாக இருக்கும். அமாவாசையை ஒட்டின நாட்கள் நல்லது. வடக்கே பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலம். வால்பக்கத்து மூன்றில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாகச் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்ணீலமாகச் சித்திரை நட்சத்திரம். பௌர்ணமியன்று நிலா அதன் பக்கத்தில் வந்து நிற்பதால்தான் மாதத்துக்கே அந்தப் பெயர்.

பிறகு தெற்கே திரும்புங்கள். கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரலைத் தொடுவானத்தில் வைத்து ஒரு சாண் விரித்தால் பெருவிரல் முனை படுகிற இடத்தில் நாலு நட்சத்திரம், காற்றாடி மாதிரி. அதுதான் தென்சிலுவை. அதற்கு இடப்பக்கம் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் அதைச் சுட்டிக்காட்டுகிறமாதிரி நிற்கும். டெல்லிப் பக்கத்துக்காரர்களுக்கு இது தொடுவானப் புழுதியில் மறைந்துபோகும். நமக்குச் சித்திரை கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் பனைகளின் தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். நடுராத்திரிக்குள் மேற்கே சாய்ந்துவிடும், அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று மணிக்கு மேல் காற்று குளிரும். போர்வையைக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.